பெயரைப் பறிகொடுத்த பறவை

கேள்வி: பென்குயின் என்றால் ‘வெள்ளைத் தலை’ என்று ஒரு வினாடி வினாவில் சொன்னார்கள். அதன் தலை கறுப்பாகத்தானே இருக்கிறது?

பதில்: நல்ல கிடுக்கிப்பிடி! பெயர் முதலில் வேறொரு பறவைக்குச் சொந்தம். வட அட்லாண்டிக்கில் கிரேட் ஆக் என்றொரு கடற்பறவை இருந்தது. முக்கால் மீட்டர் உயரம், கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பறக்க உதவாத குட்டை இறக்கை. 16-ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்துப் பக்கம் போன மாலுமிகள் அதைத்தான் பென்குயின் என்றார்கள். தென்கடலுக்குப் போனவர்கள் அதே சாயலில் வேறு பறவைகளைப் பார்த்ததும் பழைய பெயரையே சூட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது.

வெல்ஷ் மொழியில் ‘பென்’ தலை, ‘க்வின்’ வெள்ளை. வேடிக்கை என்னவென்றால், கிரேட் ஆக்கின் தலையும் கறுப்புதான்! கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மட்டும் திருநீறு அப்பியது போல ஒரு வெள்ளைத் திட்டு. பெயருக்கு அதுவே காரணம் என்பார் சிலர். வெளுத்த பாறைத் தீவு ஒன்றின் பெயர் பறவைக்கு ஒட்டிக்கொண்டது என்பார் வேறு சிலர். கொழுப்பைக் குறிக்கும் லத்தீன் ‘பிங்குவிஸ்’ என்பாரும் உண்டு. என் ஓட்டு தீவுக்கு.

இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் மெத்தை இறகுக்குமாக கிரேட் ஆக்கைக் கொன்று குவித்தார்கள். அடைகாத்ததாக அறியப்பட்ட கடைசி ஜோடி 1844-ல், ஐஸ்லாந்தை ஒட்டிய எல்டே தீவில் கொல்லப்பட்டது. அதன் அறிவியல் பெயர் இன்றும் ‘பிங்குவினஸ் இம்பென்னிஸ்’. பிரெஞ்சுப் பறவையியலாளர்களோ பழைய பெயரை ஆக் குடும்பத்துக்கே விட்டுவிட்டு, தென்கடல் பறவையை ‘மான்ஷோ’ என்கிறார்கள். கை இழந்தவர் என்று பொருள்.