இல்லம் திரும்பும் உரிமை

கடலூரும் சிதம்பரமும் கடலோடு நெடுங்கால உறவு பூண்ட ஊர்கள். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு கோட்டையை விலைக்குப் பெற்றுப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டனர். சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் கடந்த நாட்டு அறிஞரையும் தன்பால் ஈர்த்தது. ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1931-ஆம் ஆண்டில் அங்குத் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பினை ஏற்றார். இப்பகுதியினின்றும் பொருளீட்டும் பொருட்டுச் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் ஆகியவற்றிற்குச் சென்று வாழ்வோரும் பலர். இங்ஙனம் வருவோரும் செல்வோரும் மிக்க நாட்டில், பேரிடர் நேருங்கால் ஒரு வினா எழுகின்றது. வீட்டைவிட்டு நெடுந்தொலைவில் இருப்பவன் மீண்டும் வீடு சேர்வது எவ்வாறு?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணியளவில் சுமத்திராத் தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளையை அடுத்த கடற்கரைச் சிற்றூர்கள் வரை அது பாய்ந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். படகும் வலையும் அழிந்தன. அவற்றோடு பெட்டியிற் காத்துவைத்த குடும்ப அட்டையும் பத்திரங்களும் நீரோடு போயின. உயிர் தப்பியவன் தான் இன்னான், இன்ன ஊரினன் என்று மெய்ப்பிப்பதற்கும் தாளின்றி நின்றான். பேரிடர் மனிதனின் உடைமையை மட்டுமன்றி, அவனது அடையாளத்தையும் பறிக்க வல்லது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

அத்துன்பம் நாட்டிற்கு ஒரு படிப்பினையாயிற்று. மறு ஆண்டிலேயே, அதாவது 2005-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பெற்றது. துன்பம் நேர்ந்தபின் ஓடுவதனினும் முன்னரே ஆயத்தமாய் இருத்தல் நன்று என்பதே அச்சட்டத்தின் உட்பொருள்.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் கொள்ளைநோய் உலகெங்கும் பரவியது. புயலும் நிலநடுக்கமும் போல நோயும் இயற்கையின் சீற்றமே எனக் கொள்ளத்தக்க நிலை உண்டாயிற்று. மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் நடுவண் அரசு அதனைப் பேரிடராகக் கருத முடிவு செய்தது. அத்திங்களிலேயே அயல்நாட்டு விமானப் போக்குவரத்து நின்றது. மார்ச்சு 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. வேலை இழந்த தொழிலாளர், விடுதி மூடப்பெற்ற மாணவர், மருத்துவம் நாடிச் சென்ற முதியோர் ஆகியோர் அயல்நாடுகளிற் சிக்கித் தவித்தனர்.

அவர்களை மீட்கும் பணி மே 7-ஆம் நாள் ‘வந்தே பாரத்’ என்னும் பெயருடன் தொடங்கிற்று. தாயகம் திரும்ப விரும்புவோர் அந்தந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திற் பெயரைப் பதிவு செய்தனர். இடம் குறைவு, வேண்டுவோரோ மிகப் பலர். ஆதலின், வேலையினின்றும் நீக்கப்பட்ட தொழிலாளர், கருவுற்ற மகளிர், முதியோர், நோயாளர், உறவினரை இழந்தோர், மாணவர் ஆகியோர்க்கு முதலிடம் தரப்பெற்றது. பயணச் செலவு பயணியரைச் சார்ந்தது. தாயகம் சேர்ந்தபின் அவர்கள் சிலநாள் தனித்திருத்தலும் கட்டாயமாயிற்று.

வானூர்தியோடு கப்பலும் துணை நின்றது. ‘சமுத்திர சேது’ என்னும் திட்டத்தின்படி இந்தியக் கடற்படையின் கப்பல்கள் நான்கு புறப்பட்டன. அவற்றுள் ஜலாஸ்வா என்னும் பெருங்கப்பல் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஈரான் நாட்டுத் துறைமுகத்திலிருந்தும் மக்களை ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொணர்ந்தது. ஐம்பத்தைந்து நாட்களில் 3,992 பேர் கடல் வழியே தாயகம் அடைந்தனர்.

குடிமக்களின் நிலை இவ்வாறாக, மற்றொரு சாராரின் நிலை இதனினும் இடர்ப்பாடு உடையதாயிருந்தது. ஒரு நாட்டின் குடியுரிமை இன்றியும், அங்கு வாழ்வதற்குச் சட்டப்படி உரிமை பெற்றோர் உளர். ‘கடல் கடந்த இந்தியக் குடிமகன்’ என்னும் அட்டை உடையோர் அத்தகையோர். அவ்வட்டை குடியுரிமை ஆகாது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் இந்தியாவிற்கு வருதற்கும் இங்குத் தங்குதற்கும் அது வழி செய்கின்றது. 2020 மார்ச்சு 13 முதல் அவ்வசதி நிறுத்தி வைக்கப்பெற்றது.

சிதம்பரத்தில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்க. கணவன் இந்தியக் குடிமகன். மனைவி அயல்நாட்டுக் கடவுச்சீட்டும் இவ்வட்டையும் உடையவள். நோயுற்ற தாயைக் காணச் சென்ற அவள், கதவு அடைபட்டமையால் திரும்ப இயலவில்லை. இந்தியத் தூதரகம் முதற்கண் தன் குடிமக்களையே அனுப்பும். அவள் கடவுச்சீட்டு எந்நாட்டினதோ, அந்நாட்டிற்கு அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியவள் அல்லள், ஊரிலேயே இருப்பவள். அவள் இல்லமோ, பிள்ளைகளோ சிதம்பரத்தில். இரு வாயில்களுக்கு இடையே நிற்பவளின் நிலை இதுவே.

இக்குறையை அரசு உணர்ந்தது. மே 22-ஆம் நாள் சில பிரிவினர்க்கு வழி திறந்தது. இந்தியப் பெற்றோர்க்கு அயல்நாட்டிற் பிறந்து அட்டை பெற்ற சிறுவர், குடும்பத்தில் இறப்பு முதலிய இடர் உற்றோர், துணைவருள் ஒருவர் இந்தியராய் இருந்து இந்தியாவில் நிலையான இல்லம் உடையோர், பெற்றோர் இந்தியாவில் வாழும் பல்கலைக்கழக மாணவர் ஆகிய நால்வகையினர் திரும்பலாயினர். இப்பிரிவுகளை உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கடவுச்சீட்டின் நிறம் ஒன்றையே பாராது, ஒருவனுடைய அடுப்பு எங்கே எரிகின்றது என்பதையும் சட்டம் ஈண்டு நோக்கிற்று.

இடருற்றவர்க்கு உதவும் ஏற்பாடுகள் வேறும் உள. கடவுச்சீட்டை இழந்த குடிமகனுக்கு ஒருவழிப் பயணத்திற்கென அவசரச் சான்றிதழைத் தூதரகம் வழங்கும். கைப்பொருள் அற்றோர்க்கு உதவ 2009-ஆம் ஆண்டில் இந்தியச் சமுதாய நலநிதி தோற்றுவிக்கப்பெற்றது. ஆயினும் அரசின் கை எட்டுவதற்குத் தனிமனிதனின் விழிப்பும் வேண்டும். அயல்நாடு செல்வோர் சென்ற உடனே தூதரகத்திற் பதிவு செய்தல் வேண்டும்; கடவுச்சீட்டின் படியொன்றை வீட்டாரிடம் விட்டுச் செல்லுதல் வேண்டும்; தங்கும் உரிமையின் காலவரை முடிவதற்கு முன்பே அதனைப் புதுப்பித்தல் வேண்டும். சிறு செயல்களேயாயினும், அலை வந்த பின்னர் இவற்றைச் செய்ய இயலாது.

கடல் பிரிக்கும், கடலே சேர்க்கவும் செய்யும். தேவனாம்பட்டினத்துக் கரையில் உயிர்களைக் கவர்ந்த அதே கடல், தூத்துக்குடித் துறையிற் பிரிந்தோரைக் கொணர்ந்து சேர்த்தது. அதனைச் செய்தது கடலன்று. முன்கருதிய சட்டமும், கலம் செலுத்தியோரின் உழைப்பும், பிறர் துயரைத் தம் துயராய் எண்ணிய உள்ளமுமே ஆகும். தொலைவில் தவிப்பவனை இல்லத்தின் வாயிலிற் கொண்டு சேர்க்கும் வரையில் எந்தத் துயர்துடைப்புப் பணியும் நிறைவு பெற்றதாகாது.