பூஞ்சையை மறைத்து விற்ற வீடு: வழக்குப் போடலாமா?

கேள்வி: சித்திரையில் வெள்ளிமலையில் என் பெயரில் ஒரு பழைய மெத்தை வீடு வாங்கினோம். புதுப் பெயிண்ட், படுக்கை அறைச் சுவரில் பிவிசி ஷீட் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் ஓத வாடை அடித்தது. ஷீட்டைக் கழற்றினால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. மகனுக்கு வீசிங் வந்துவிட்டது. விற்றவரோ, "பார்த்துத்தானே வாங்கினீங்க?" என்கிறார். கிரயத்தை ரத்து செய்ய முடியுமா?
வாசகி, வெள்ளிமலை

பதில்: அந்தச் சுவரை இப்போதைக்குச் சுரண்டவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. மகனை வேறு அறையில் படுக்க வையுங்கள். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லியிருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

விற்றவர் பேச்சைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது மோசடி. வெளியே தெரிகிற விரிசலுக்கு இது பொருந்தாது. ஷீட்டுக்குப் பின்னால் இருந்ததை நீங்கள் எப்படிப் பார்த்திருக்க முடியும்? வில்லங்கச் சான்றிலும் சுவரின் நிலை வராது. 'உள்ளது உள்ளபடி' என்று பத்திரத்தில் இருந்தால் அதைக் காட்டி வாதாடுவார். தெரிந்தே மறைத்தவரை அந்த வரி காப்பாற்றாது.

ஆனால் 'அவருக்குத் தெரியும்' என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். இதில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும். ஷீட் எப்போது அடித்தது, அடித்தவர் யார், பெயிண்டர் யார், முன்பு குடியிருந்தவர் என்ன சொல்கிறார் என்று விசாரியுங்கள். வெள்ளிமலை போன்ற ஊரில் அது கஷ்டமில்லை. ஷீட்டின் ஸ்குரூ துருப்பிடிக்காமல் புதிதாக இருக்கிறதா, அதன் பின்னே பழைய பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுங்கள். கழற்றிய ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரம் தளத்திலிருந்து இறங்குகிறதா, அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறதா, எவ்வளவு காலமாக இருக்கலாம், சரிசெய்ய என்ன செலவாகும் என்பதை ஒரு சிவில் இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள். வழக்குப் போட்ட பிறகு, வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து பார்க்கும்படி நீதிமன்றத்தில் மனு போடலாம். மழைக்காலத்திலேயே அவர் வந்தால் உங்களுக்கு நல்லது.

ரத்து கேட்கலாம், இழப்பீடும் கேட்கலாம். என் யோசனை இழப்பீடு. ரத்தானாலும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணமாகக் கட்டிய 9 சதவீதம் தானாகத் திரும்பாது. அதையும் விற்றவரிடம்தான் கேட்டுப் போராட வேண்டும். குறை தெரிந்த பிறகும் அங்கேயே குடியிருந்து வீட்டை மாற்றிக் கட்டினால், ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்ற வாதமும் வரும். குடியிருக்கவே லாயக்கில்லை என்று இன்ஜினியர் எழுதினால் ரத்து கேளுங்கள். மோசடி தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு.

நுகர்வோர் ஆணையம் இங்கே உதவாது. தனிநபர் தன் வீட்டை விற்பது சேவையாகாது. பில்டர் கட்டி விற்றிருந்தால் கதை வேறு. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. போலீஸுக்கும் முதலில் ஓட வேண்டாம். 'சிவில் விவகாரம்' என்று திருப்பி அனுப்பினால் மாதங்கள் வீணாகும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். அதற்காக மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குவதற்கு முன்பே 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். முதலில் ஒப்புகை அட்டையுடன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்குப் பிறகு விற்றவர் பேச வந்தால் வாய்வார்த்தையோடு விடாமல் மக்கள் நீதிமன்றத்தில் எழுதி முடியுங்கள். தொகையும் தேதியும் அதில் இருக்கட்டும். அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது.