கட்டண வகுப்பு தொடங்குமுன்

கணினி விளையாட்டுக்கு நிரல் எழுதும் வித்தையை இணையத்தில் காசுக்குக் கற்பிக்க விரும்புவோர், ஹார்வர்டு சர்வகலாசாலையே அதற்கொரு முழுப் பாடத்தை இலவசமாக வழங்கியிருப்பதையும், கோடோ என்ற கேம் எஞ்சின் காசில்லாமலே கிடைப்பதையும் முதலில் மனத்தில் கொள்வது உசிதம். பதிவுசெய்த வீடியோவை மட்டும் நம்பி வகுப்பு விற்பது வீண் பிரயாசை; அது சீக்கிரமே பழசாகிவிடும். 2023-இல் கோடோவின் நான்காம் பதிப்பு வந்தபோது விளையாட்டுப் பாத்திரத்தை நகர்த்தப் பயன்படும் ‘கைனமாட்டிக்பாடி2டி’ என்ற உறுப்பின் பெயரே ‘கேரக்டர்பாடி2டி’ என்று மாறிவிட, பழைய பாடத்தைப் பார்த்து எழுதிய நிரல்கள் பிழை காட்டின. ஆனால், மாணவன் குதிக்கவிட்ட பொம்மை தரையில் நில்லாமல் பாதாளத்துக்கே விழுந்துகொண்டு போகையில், அவன் நிரலைத் திறந்து பார்த்து, ‘தரைக்கு மோதலை உணரும் கொலிஷன் ஷேப் வைக்க மறந்துவிட்டாயே, தம்பி’ என்று சுட்டிக்காட்டும் ஆசான் தாராளமாகக் கட்டணம் கேட்கலாம். அத்தகைய வகுப்பையும் முதலில் ஐந்தாறு பேருக்கு நடத்திப் பார்த்த பிறகே விலை குறிப்பது நலம்.