இலைதழை உக்கும் விதமும் அதனைக் கமத்திற் பயன்படுத்தும் முறையும்

மாத்தளை மாவட்டத்தின் பல்லேகம, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலை அடுத்துள்ளது. களுகங்கை நீர்த்தேக்கத் திட்டத்தால் பழைய ஊர் இடம்பெயர நேர்ந்து, 2018ஆம் ஆண்டில் லக்கல புதுநகரம் திறக்கப்பட்டது. அதனோடு கமக்காரர் பலர் புதிய காணிகளிற் பயிரிடத் தொடங்கினர். புதிதாக வெட்டிச் சமப்படுத்திய வயலில், வளமான மேல்மண் அகன்று கீழ்மண் வெளிப்பட்டிருக்கக்கூடும். அத்தகைய நிலத்தைத் திருத்த வைக்கோலும் இலைதழையும் பெரிதும் உதவும். ஆயினும் அவை உக்கும் காலத்தை அறியாது இட்டால், பயிருக்கு நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும்.

வெப்பமும் ஈரமும்

இலைதழையை உக்கச் செய்பவை பற்றீரியாக்கள், பங்கசுக்கள், மண்புழு, கறையான் முதலிய உயிர்களாகும். இவற்றுக்கு வெப்பம், ஈரம், காற்று ஆகிய மூன்றும் அளவோடு வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் உக்கும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஒரேவகைப் புல்லை இங்கிலாந்து மண்ணிலும் நைஜீரியா மண்ணிலும் இட்டு ஒப்பிட்ட ஆய்வொன்று 1977ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நைஜீரியாவில் உக்கல் நான்கு மடங்கு விரைவாக நிகழ்ந்தமை அதிற் காணப்பட்டது.

இந்த வேறுபாட்டைப் பல்லேகமச் சூழலிலும் காணலாம். 1,000 மீற்றர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறைவதால், குளிர்ந்த மலைக்காட்டிற் சருகு மெதுவாக உக்கித் தடித்த படையாகத் தங்கும். அடிவாரத்து வெப்பமான நிலத்திலோ, ஈரம் கிடைத்தவுடன் அது விரைந்து உக்கி மறையும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் உக்கல் விரையும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே வெப்பநிலத்தில் ஒருமுறை இட்ட சேதனப் பசளை நெடுங்காலம் நிலைக்காது, போகந்தோறும் இடவேண்டும்.

மண்ணின் இயல்பு

களிமண் உக்கிய பொருளைப் பற்றி வைத்துக் காக்கும். மணற்பாங்கான மண்ணில் அது விரைவில் அழியும். கரைந்த சத்தும் மழைநீரோடு கீழிறங்கும். ஆதலின் மணல் நிலத்துக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை இடுதல் நன்று. நீர் தேங்கிய வயலிற் காற்று புகாது. அங்கே உக்கல் தாமதிப்பதோடு, வேருக்குத் தீங்கான அமிலங்களும் வாயுக்களும் தோன்றும்.

தழையின் இயல்பு

வைக்கோலில் காபன் மிகுதி, நைதரசன் குறைவு. அதில் ஒரு பங்கு நைதரசனுக்கு 60 முதல் 80 பங்கு வரை காபன் உண்டு. அதனை உண்ணும் நுண்ணங்கிகள் தமக்குப் போதாத நைதரசனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். விதைப்புக்குச் சற்று முன்னர் வைக்கோலை உழுதுவிட்ட வயலில் இளநாற்று மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கிளிரிசிடியா இலையில் நைதரசன் மிகுதி. ஈரமண்ணிற் சில கிழமைகளிலேயே உக்கிப் பயிருக்கு உணவாகும்.

நெல்வயலிற் செய்யவேண்டியன

1. வைக்கோலை எரித்தலாகாது. எரித்தால் அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும். சாம்பலில் எஞ்சும் பொற்றாசியமும் மழைநீரோடு அடித்துச் செல்லப்படலாம்.

2. சூடடித்த வைக்கோலை ஒரே இடத்திற் குவித்துவிடாது வயல் முழுவதும் பரப்புக. மண்ணில் ஈரம் இருக்கும்போதே, விதைப்புக்கு அல்லது நடுகைக்கு இரண்டு மூன்று கிழமைகளுக்கு முன்னர் உழுது மூடுக.

3. அக்காலத்தில் வயலில் நீரை ஆழமாகத் தேக்கலாகாது. ஈரமும் காற்றும் சேர்ந்திருந்தால் உக்கல் செவ்வனே நிகழும்.

4. நட்ட வயலிற் குமிழி எழுந்து, கூழ்முட்டை நாற்றம் வீசி, வேர் கறுத்தால், நீரை வடித்துச் சில நாள் காற்றுப்பட விடுக.

மரக்கறித் தோட்டத்திற் செய்யவேண்டியன

பயிருக்கு விரைவில் உணவு வேண்டுமாயின் கிளிரிசிடியா இலையை மண்ணோடு கலக்குக. ஈரத்தைக் காக்கவேண்டுமாயின் வைக்கோலை மிளகாய், கத்தரி வரிசைகளிடையே மேற்பரப்பிற் பரப்புக. மண்ணுட் புதைக்கப்படாமையால் அது மெதுவாக உக்கும். கூட்டெருக் குவியலில் வைக்கோல், பச்சிலை, சாணம் ஆகியவற்றை மாறி மாறி அடுக்கி, காற்றுப் புகுமாறு இடையிடையே புரட்டுக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தாற் கையில் ஈரம் படவேண்டும், நீர் ஒழுகலாகாது.

விரைவில் உக்குவது நடப்புப் பயிருக்கு உணவு. மெதுவாக உக்குவது மண்ணுக்குச் சேமிப்பு. புதிய காணிக்கு இரண்டும் வேண்டும். காலநிலையைக் கமக்காரர் மாற்ற இயலாது. எத்தழையை, எந்நாளில், எம்மண்ணில் இடுவதென்பதோ அவர் கையிலேயே உள்ளது.