கயிற்றில் விளையும் சிப்பி

கேரளத்தின் வடகோடியில், காசர்கோடு மாவட்டத்துப் படன்னாவில், 1990-களின் பிற்பகுதியில் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, வங்கிக் கடன் பெற்றுக் கல்லுமக்காய் வளர்க்கத் தொடங்கினர். கடற்பாறைகளில் எடுத்த குஞ்சுச் சிப்பிகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, பருத்தித் துணியால் பொதிந்து தைத்துக் காயலில் தொங்கவிடுவர். சில நாட்களில் துணி மக்கிவிடும். அதற்குள் சிப்பிகள் தம் நார்களால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். தீனிச் செலவில்லை, நீரிலுள்ள நுண்பாசியே உணவு. ஏழைக்கேற்ற பயிர் இதுவன்றோ!

எனினும் தவணை கண்டிப்பானது. தென்மேற்குப் பருவமழைக்குமுன் அறுத்தாக வேண்டும். நன்னீர் பெருகினால் சிப்பி மடியும். எல்லோரும் ஒரே சமயத்தில் அறுப்பதால் விலை வியாபாரி கையில். கடனோ பெண்கள் தலையில். சதையைப் பிரித்துப் பதப்படுத்தும் வசதி ஊரிலேயே அமைந்தால், அறுத்த அன்றே விற்றாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்குக் குறையும்.