ஐந்தரை மணிக்கு ராச்சாப்பாடு

தம்பிக்கு,

பாளையங்கோட்டை முதியோர் இல்லங்களைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். தனியாகச் சொன்னால் ‘சரி சார்’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

முதலில் கோபம். ஆறு படம் போட்டிருக்கிறாய், நாலில் சுருக்கம் விழுந்த கைகள். அந்தக் கைகளுக்கு மேலே முகம் எதுவும் இல்லையா? கட்டுரையில் மூன்று பேர் அழுகிறார்கள். மூன்று பேரிடமும் நீ கேட்டது ஒரே கேள்வி: ‘பிள்ளைகள் பார்க்க வருவதில்லையா?’ அந்தக் கேள்வியைக் கேட்டால் நானும் அழுவேன். என் மகன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான்.

அடுத்தது, ‘அந்தக் காலத்தில் முதியோர் இல்லம் ஏது? கூட்டுக் குடும்பம் தாங்கியது’ என்ற வரி. யார் உனக்குச் சொன்னது? 1782 பஞ்சத்தில் சென்னையில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் கதியற்றவர்களின் புகலிடமாயிற்று; அதன் பக்கத்தில் வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி என்றே ஊர் சொல்லும். அது பட்டணத்துக் கதை என்றால் எங்கள் ஆச்சி கதையைக் கேள். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, நாலு ஆண்பிள்ளைகள். தாத்தா போனதும் மாச முறை வைத்தார்கள். தமிழ் மாசப் பிறப்பன்று விடியற்காலையில் ஆச்சி துணிப்பையும் வெற்றிலைச் செல்லமுமாக அடுத்த மகன் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட வேண்டும். நாலு பேர் என்பதால் முறை வருஷா வருஷம் மாறாது. 29 நாள் மார்கழி மூத்தவருக்கு, ஆனி மூன்றாமவருக்கு. ஆனிக்கு 32 நாள் வரும் வருஷங்களில் அந்தச் சித்தி முணுமுணுத்தது தெருவுக்கே கேட்கும். கூட்டுக் குடும்பம் தாங்கியதுதான், தேதி எண்ணிக்கொண்டு தாங்கியது. இதை எழுதினால் குடும்பத்துக்கு அவமானம் என்பான் என் உடன்பிறந்த தம்பி. எழுதிவிட்டேன்.

இனிப் பாராட்டு. நாலாவது பத்தியில், ‘ஐந்தரை மணிக்கெல்லாம் ராச்சாப்பாடு முடிந்துவிடுகிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். முப்பது வருஷம் செய்தி எழுதியவர்களுக்கும் கண்ணில் படாத விஷயம் அது. மீதிக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு அந்த ஒரு வரியை வைத்துக்கொள். ஏன் ஐந்தரை என்று மட்டும் நீ கேட்கவில்லை.

எனக்குத் தெரியும், என் மைத்துனர் கடைசிக் காலத்தில் இப்படி ஓர் இல்லத்தில் இருந்தார். சமையல்காரம்மாவுக்கு முக்கூடல். பீடி சுற்றிச் சுற்றிக் கண்ணும் இடுப்பும் போனபின் இந்த வேலைக்கு வந்தவள். பஸ்ஸைப் பிடிக்க அவள் ஆறு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். அதனால் ஐந்தரைக்கு இரண்டு தோசை, அதோடு சுகர் மாத்திரை. மறுநாள் காப்பி ஆறு மணிக்கு. ஒரு ராத்திரி மூன்று மணிக்குச் சுகர் இறங்கி மைத்துனருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மாடியில் பத்துப் பன்னிரண்டு கட்டில், கீழே ஒரே ஓர் ஆயா, அவளும் காலையிலிருந்து நின்றவள். பக்கத்துக் கட்டில்காரர் தலையணைக்கடியில் ஒளித்து வைத்திருந்த உடன்குடிக் கருப்பட்டித் துண்டுதான் அன்றைக்கு அவரைப் பிழைக்க வைத்தது. அந்த இல்லத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ராத்திரிக்கு இன்னோர் ஆள் போடக் காசு இல்லை, அவ்வளவுதான்.

இதைத்தான் நான் எல்லோரிடமும் புலம்புகிறேன். முதியோர் இல்லம் என்பது ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்து நடத்துகிற இடம். நீயோ பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு வந்துவிட்டாய். அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரையோரத்துப் பையன்கள் பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் போய்த் தலைமுறைகள் ஆகின்றன. தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர், 2031-இல் பதினெட்டைத் தொடும் என்கிறது தேசியப் புள்ளிவிவர அலுவலகம். வீட்டுக்கு ஒரு பிள்ளை, அதுவும் வெளியூரில். எத்தனை மாசம் முறை வைப்பாய்?

உன் கட்டுரையில் கட்டணம் என்ற பேச்சே இல்லை. டெபாசிட் எவ்வளவு, இறந்தால் திரும்பக் கிடைக்குமா? படுத்த படுக்கையானவருக்குத் தனி ரேட்டா? டயபர் யார் கணக்கு? 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த ஓ.ஏ.பி. முதியோர் உதவிப் பணத்தை மட்டும் நம்பியிருக்கிற கிழவிக்கு எந்தக் கதவு திறக்கும்? 2007-இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மாவட்டத்துக்கு ஒன்றாவது, வசதியற்ற 150 பேருக்காவது இல்லம் அமைக்கலாம் என்று சொல்லி அரசின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. அரசுப் பணத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் வளாகங்களில் முதியவர் 25, குழந்தைகள் 25 என்று கணக்கு. நம் மாவட்டத்தில் தேவை எத்தனை, இருப்பது எத்தனை என்று கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கேட்டாயா? சமூகநல அலுவலகத்தில் பதிவுப் பட்டியல் இருக்கும். அதில் இல்லாத இல்லங்கள் எவை என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்.

அந்தச் சமையல்காரம்மா மாதிரி ஒருத்தி நீ போன இல்லத்திலும் இருப்பாள். அவள் படுத்தால் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேள். வேலை நேரத்தில் பேச மாட்டாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பாள். நீயும் கூட ஏறிக்கொள். ஊர் போய்ச் சேரும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை.