பழைய மரம் அறுக்கும் மிஷினுக்கு எக்ஸெல்லில் விலை போடுவோம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் எக்ஸெல்லைத் திறந்து பார்ப்பார்கள். கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, இது ஆபீஸ்காரர்களுக்கானது என்று மூடி விடுவார்கள். அப்படி மூடியவர்களுக்குத்தான் இந்தப் பாடம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதில் உள்ள கால்க் புரோகிராமில் இதையே செய்யலாம்.

ஆலங்குடி பக்கம் இருக்கும் என் சித்தப்பா கூலிக்கு தைல மரம் வெட்டுபவர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, விழுந்த தென்னையையும் பலாவையும் அறுக்க எங்கள் ஊரில் பலர் புது மிஷின் வாங்கினார்கள். வேலை முடிந்ததும் அவற்றில் சில மூலையில் கிடந்தன. அதில் ஒன்று 18 ஆயிரம் ரூபாய்க்கு விலைக்கு வந்தது. சித்தப்பா கையில் சீட்டு எடுத்த பணம் இருந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். "தம்பி, இது அந்த விலைக்குப் போகுமா? உன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு" என்றார்.

கம்ப்யூட்டருக்கு மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாம் பார்த்துச் சொல்வதைக் கூட்டிக் கழித்துக் காட்டும், அவ்வளவுதான். எனவே முதலில் ஷீட்டைத் தயார் செய்து விடுவோம்.

புதிய ஷீட்டில் முதல் வரிசையில் ஏ1 செல்லில் 'பாகம்', பி1-ல் 'மாற்றும் செலவு', சி1-ல் 'மாற்ற வேண்டுமா', டி1-ல் 'தொகை' என்று டைப் செய்யுங்கள். ஏ2 முதல் ஏ8 வரை ஒன்றன் கீழ் ஒன்றாக செயின், கைடு பார், பல் சக்கரம், பிளக், கார்புரேட்டர் கிட், ஸ்டார்ட்டர் கயிறு, பிஸ்டன் சிலிண்டர் செட் என அடியுங்கள். பி காலத்தில் உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேட்டு விலைகளைப் போடுங்கள். நான் போட்டவை வரிசையாக 1500, 2500, 800, 200, 1000, 200, கடைசியில் கூலியோடு சேர்த்து 9000. கம்பெனிக்கும் மாடலுக்கும் ஏற்ப இவை மாறும்.

சி காலத்தில் மாற்ற வேண்டும் என்றால் 1, வேண்டாம் என்றால் 0. இப்போது டி2 செல்லில் சமக்குறி (=) போடுங்கள். மவுஸால் பி2-ஐக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி (*) அடித்து, சி2-ஐக் கிளிக் செய்து, எண்டர் தட்டுங்கள். பெருக்கல் தயார். மீண்டும் டி2-ஐத் தேர்வு செய்தால் அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதன் மீது மவுஸ் போனதும் அம்புக்குறி மெல்லிய கூட்டல் குறியாக மாறும். அப்படியே பிடித்து டி8 வரை இழுத்து விடுங்கள். ஏழு வரிக்கும் பார்முலா வந்து விடும். டி9-ல் கர்சரை வைத்து, சிக்மா படம் போட்ட ஆட்டோசம் பட்டனை அழுத்தி எண்டர் தட்டினால் மொத்த ரிப்பேர் செலவு கிடைக்கும்.

பி11-ல் அதே மாடலின் இன்றைய புது விலை. கணக்கு வசதிக்காக 40,000 என்று வைத்துக் கொள்வோம். பி12-ல் சமக்குறி போட்டு, பி11-ஐக் கிளிக் செய்து, /2 என அடித்து எண்டர். நல்ல நிலையில் உள்ள பழைய மிஷினுக்குப் பாதி விலை என்பது என் கணக்கு. உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக் கொள்ளுங்கள். பி13-ல் சமக்குறி போட்டு பி12-ஐக் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, டி9-ஐக் கிளிக் செய்து எண்டர். இதுதான் நாம் கொடுக்கக் கூடிய விலை.

இனி ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டு மிஷினிடம் போவோம். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த மிஷின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். ஸ்டில், ஹஸ்க்வர்னா பெயரில் போலிகளும் உலவுவதால், இன்ஜின் உடம்பில் பொறித்த சீரியல் எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

செயின் பல்லின் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் செயின் முடிந்தது, 1 போடுங்கள். பல் சக்கரத்தில் செயின் பதிந்த பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அதற்கும் 1. தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய் விடும். செயின் பாரில் பக்கவாட்டில் ஆடினால் பாருக்கு 1. பிளக்கைக் கழற்றினால் முனை இளம் பழுப்பாக இருக்க வேண்டும். பெட்ரோலோடு பல மாதம் கிடந்த மிஷின் என்றால் யோசிக்காமல் கார்புரேட்டருக்கு 1. இப்போதைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை இழுக்கும், ரப்பர் டயாபிரம் விறைத்துப் போகும்.

இன்ஜினை நிறுத்தி, செயின் பிரேக் கவசத்தை முன்னால் தள்ளிவிட்டு, கையுறை போட்டு செயினை இழுத்துப் பாருங்கள். நகரக் கூடாது. மரத்தில் பட்டு வாள் முகத்துக்கு எகிறும்போது காப்பாற்றுவது இந்தப் பிரேக்தான். இதற்கு என் ஷீட்டில் வரியே இல்லை. பிரேக் பிடிக்காவிட்டால், அதைச் சரி செய்து தந்த பிறகுதான் விலைப் பேச்சு.

இதுவரை பார்த்ததில் எங்களுக்கு செயின், பல் சக்கரம், கார்புரேட்டர் மூன்றுக்கும் 1 விழுந்தது. பிஸ்டனுக்கு 0 என்று வைத்தால் ரிப்பேர் 3300, விலை 16,700. கேட்ட விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சித்தப்பா பையில் கை வைத்து விட்டார். ஆனால் அந்தக் கடைசி வரியை நாங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கித் தொங்க விடுங்கள். டீகம்ப்ரஷன் பட்டன் உள்ள மாடலில் அது அமுங்காமல் வெளியே இருக்க வேண்டும். நல்ல இன்ஜின் என்றால் மிஷின் தடுத்துத் தடுத்து மெதுவாக இறங்கும். எங்கள் மிஷின் சர்ரென்று இறங்கியது. சைலன்சரைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்றேன். "முந்தாநாள் கூட அறுத்துச்சு, எதுக்குக் கழட்டணும்?" என்றார் விற்பவர். கழற்றுவது சில நிமிட வேலை. சம்மதிக்காவிட்டால் கிளம்பி விடலாம் என்று இருந்தேன், நல்லவேளை சம்மதித்தார். டார்ச் அடித்தால் அந்தத் துவாரம் வழியே பிஸ்டன் தெரியும். கண்ணாடி போல் வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசல். ஆயில் கலக்காமல், அல்லது குறைத்துக் கலந்து ஓட்டியதன் அடையாளம் அது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் என்பது பொதுவான அளவு. அந்த 20 மில்லியை மிச்சம் பிடித்ததற்குத்தான் இந்த 9000.

லேப்டாப்பில் சி8-ல் இருந்த 0-ஐ அழித்து 1 அடித்தேன். பி13-ல் இருந்த 16,700 கண் முன்னே 7,700 ஆனது. சித்தப்பா திரையையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டாயிரம் என்று கேட்டோம். அவர் கொடுக்கவில்லை, நாங்களும் வாங்கவில்லை. இரண்டு வாரம் வாடகை மிஷினில் ஓட்டினார் சித்தப்பா.

அடுத்த மிஷின் பார்க்கப் போகும் போது எல்லாவற்றையும் திரும்ப டைப் செய்ய வேண்டாம். கீழே ஷீட் பெயர் உள்ள டேப்பில் ரைட் கிளிக் செய்து 'மூவ் ஆர் காப்பி' தேர்வு செய்யுங்கள். 'கிரியேட் எ காப்பி' கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுத்தால் அதே போல் இன்னொரு ஷீட் வரும். அதில் சி காலத்தை மட்டும் மாற்றினால் போதும். எங்களுடைய இரண்டாவது ஷீட் அறந்தாங்கியில் பார்த்த மிஷினுக்கு. பெயிண்ட் உதிர்ந்து, பிடியில் துணி சுற்றி, பார்க்கவே பாவமாக இருந்தது. செயின், பார், பிளக், கயிறு நான்குக்கும் 1. பல் சக்கரம் புதிதாக மாற்றியிருந்தார்கள். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டன் வழவழவென்று இருந்தது. ஷீட் 15,600 காட்டியது, 15 ஆயிரத்துக்கு முடிந்தது. ஷீட்டை சேவ் செய்து வைத்திருக்கிறேன், சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.